எம்.சி.பி.யை மாற்றும் முன் சுவருக்குள் ஓடும் வயரைப் பாருங்கள்

வீட்டிலேயே தச்சுப் பட்டறை வைக்கும் இளைஞர்கள் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். அவர்களுடைய ஸ்விட்ச் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய தவறுகளே கண்ணில் படுகின்றன. ஈரக் கையோடு பிளக்கைத் தொடக்கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று பெரிய எம்.சி.பி. போடுவது

ஒன்றரை எச்.பி. கம்ப்ரஸர் ஒன்று வாங்கியிருந்தேன். ஓடும்போது 9 ஆம்பியர் அளவே இழுக்கும் அந்த மோட்டார், கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுத்ததால், 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே அணையும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுந்தது. வந்த எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டு, "இனிமே விழாது சார்" என்றார். சொன்னபடியே அது விழவில்லை.

எம்.சி.பி. இருப்பது மெஷினைக் காப்பதற்காக அன்று, சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதற்காக என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. என் சுவரில் இருந்தது 1.5 சதுர மி.மீ. செப்பு வயர், பைப்புக்குள் அது தொடர்ந்து தாங்குவது ஏறத்தாழ 15 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் விழ வேண்டியதில்லை. கம்ப்ரஸர், கட் ஆஃப் மெஷின், தூசி உறிஞ்சும் வேக்குவம் மூன்றும் சேர்ந்து 23 ஆம்பியரை எட்டிய நாட்களில், 70 டிகிரிக்கு மேல் தாங்காத பி.வி.சி. உறை உள்ளேயே வெந்துகொண்டிருந்தது.

சில மாதங்களில் போர்டுக்கு மேலே கை வைத்தால் சுவர் இளஞ்சூடாக இருந்தது; மீன் நாற்றம் போன்ற ஒரு வாடையும் வந்தது. திறந்தபோது சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விரலால் அழுத்தியதும் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. சுவரை உடைத்துப் புது லைன் இழுக்க 22,000 ரூபாய் ஆனது. தீப்பிடிக்காமல் தப்பியதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. சென்ற மாதம் ஒரு தம்பியின் பட்டறையிலும் அதே மெல்லிய வயருக்கு அதே 32 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கண்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது.

எம்.சி.பி.யின் முகப்பில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். 'பி' வகை, தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கில் விழும். மோட்டார் கிளம்பும் நொடியில் மட்டும் விழுகிறதென்றால், ஆம்பியரைக் கூட்டாமல் 'சி' வகைக்கு மாறுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுகிறதென்றால் சுமை அதிகம் என்று பொருள். அதற்கு மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன் இழுப்பதே வழி.

எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே பயன்படுத்துவது

25 மீட்டர் நீளமுள்ள 0.75 சதுர மி.மீ. வயரில் 10 ஆம்பியர் ஓடினால், வயருக்குள்ளேயே நூறு வாட்டுக்கு மேல் வெப்பமாகிறது. சுருளுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. முழுவதும் பிரித்துப் போடுங்கள், மோட்டார்களுக்கு 2.5 சதுர மி.மீ. வயரே வாங்குங்கள்.

ஆர்.சி.சி.பி. தொல்லை தருகிறதென்று கழற்றுவது

கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் அது. கழற்றாதீர்கள், கரண்ட் கசியும் மெஷினைத் தேடுங்கள்.

விளக்கும் மெஷினும் ஒரே லைனில்

எம்.சி.பி. விழுந்தால் இருட்டு, பிளேடு மட்டும் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்.

கரண்ட் போனதும் மெஷினை அப்படியே விட்டுச் செல்வது

கரண்ட் திரும்பியதும் அது தானாகவே ஓடத் தொடங்கும். மேசை ரம்பத்துக்கு, கரண்ட் போனால் தானே விடுபடும் நோ வோல்ட் ஸ்விட்ச் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்விட்ச் வைக்கும்வரை, கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்திருங்கள்.