மிடி ஃபேடரை நகர்த்தினால் ஒலி கரகரக்கிறதா? ப்யூர் டேட்டாவில் சரிசெய்யும் வழி

ஒரு சீரான ரீங்காரத்தை ஓடவிட்டு, அதன் ஒலியளவை மிடி (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) கண்ட்ரோலரின் ஃபேடரால், அதாவது நகர்த்தும் பிடியால், குறைத்துப் பாருங்கள். ஒலி வழுக்கிக்கொண்டு இறங்காது. 'சர்ர்ர்' என்ற கரகரப்போடு இறங்கும். ஒலிப்பதிவுக்காரர்கள் இதை ஜிப்பர் நாய்ஸ் என்பார்கள். கண்ட்ரோலரில் பழுதில்லை, கேபிளிலும் பழுதில்லை. 1983இல் வந்த மிடி தரத்தின்படி ஒரு கண்ட்ரோலர் மதிப்புக்கு 7 பிட்தான். 0 முதல் 127 வரை மொத்தம் 128 நிலைகள். இடையில் எதுவும் கிடையாது. ஒலியோ நொடிக்கு 44,100 மாதிரிகளாக ஓடுகிறது. நிலை மாறும் ஒவ்வொரு தடவையும் அலைவடிவம் வெட்டுப்பட்டுத் தாவுகிறது, அந்த வெட்டு ஒரு 'டிக்' என்று கேட்கிறது. ஃபேடரை நகர்த்தும்போது டிக்குகள் வரிசையாகச் சேர்ந்து கரகரப்பாகிவிடுகின்றன.

தீர்வு, நிலைகளுக்கு இடையிலான இடைவெளியை நாமே நிரப்புவதுதான். பெட்டிகளைக் கம்பியால் இணைத்தே ஒலி நிரல் எழுதும் மென்பொருளான, மில்லர் பக்கெட் எழுதிய ப்யூர் டேட்டாவில், கூடுதல் நூலகம் ஏதுமில்லாத 'வனிலா' பதிப்பில் செய்து காட்டுகிறேன். இதைப் போன்ற மாக்ஸ் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். நிறுவுவது, மிடி அமைப்புகளில் கருவியைத் தேர்வது இவை முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன். ஆப்ஜெக்ட் எனப்படும் அந்தப் பெட்டிகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; திரையில் ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: மதிப்பை உள்ளே கொண்டுவருவது

'சிடிஎல்இன் 7' என்று ஓர் ஆப்ஜெக்ட் வையுங்கள். சி, டி, எல், ஐ, என் என்று சேர்த்துத் தட்ட வேண்டும். 7 என்பது மிடியில் ஒலியளவுக்கு ஒதுக்கப்பட்ட கண்ட்ரோலர் எண். உங்கள் ஃபேடர் வேறு எண்ணை அனுப்பினால் அதைப் போடுங்கள். எந்த எண் என்று தெரியாவிட்டால் எண்ணில்லாத சிடிஎல்இன் ஒன்றின் கீழே மூன்று எண் பெட்டிகளை மாட்டி ஃபேடரை அசைத்தால், நடுப்பெட்டி சொல்லிவிடும். அடுத்து '/ 127'. இப்போது 0 முதல் 1 வரை கிடைக்கும்.

படி 2: லைன்~

இதன் கீழே '$1 20' என்று ஒரு மெசேஜ் பெட்டி, அதன் கீழே 'லைன்~'. 'இந்த மதிப்புக்கு 20 மில்லிவினாடியில் போய்ச் சேர்' என்பது அதன் பொருள். பலர் மெசேஜ் பெட்டிக்குப் பதிலாக 'பேக் 0 20' போடுவார்கள். வேலை ஒன்றுதான். எனக்கு மெசேஜ் பெட்டிதான் பிடிக்கும். ஆறு மாதம் கழித்து பேட்சை (பெட்டிகளை இணைத்து வைத்த நிரலை) திறந்தாலும் 20 எதற்கு என்று பார்த்தவுடன் விளங்கும்.

அலைக்குறி இல்லாத 'லைன்' என்றும் ஓர் ஆப்ஜெக்ட் இருக்கிறது. அது வேண்டாம். அது ஒலி சிக்னலைத் தராது, இயல்பாக 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை எண்களைத் துப்பும். அதாவது 20 மில்லிவினாடி சரிவு கேட்டால் இடையில் நிரப்ப அதனிடம் ஒன்றுமே இருக்காது.

படி 3: பெருக்குவது

ரீங்காரம் '*~'இன் இடது இன்லெட்டுக்கு (பெட்டியின் மேலுள்ள நுழைவாய்க்கு), லைன்~ வலது இன்லெட்டுக்கு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பழைய பேட்சில் '*~ 0.5' என்று எண்ணோடு எழுதி வைத்திருப்பீர்கள். எண் கொடுத்துவிட்டால் வலது இன்லெட் சாதாரண எண்ணை மட்டுமே வாங்கும், சிக்னலை ஏற்காது. எண்ணை அழித்து வெறும் '*~' ஆக்குங்கள்.

ஃபேடரின் கீழ்ப்பகுதியில் ஒலி சட்டென்று ஏறுவதுபோல் இருந்தால், லைன்~இன் வெளியீட்டை இன்னொரு '*~'இன் இரண்டு இன்லெட்டுக்கும் கொடுத்து வர்க்கமாக்கி, அதைப் பயன்படுத்துங்கள். காதுக்கு இதமான ஏற்றம் கிடைக்கும்.

பேட்ச் திறந்ததும் சத்தமே வரவில்லையா? லைன்~ 0இல்தான் தொடங்கும். ஃபேடர் தான் எங்கே நிற்கிறது என்பதைத் தானாகச் சொல்லாது, அசைத்தால்தான் சொல்லும். பேட்ச் திறந்ததும் தானே தட்டும் 'லோட்பேங்' வழியாக ஒரு தொடக்க மதிப்பை அனுப்பிவிடுங்கள்.

ஒலியளவுக்கு இவ்வளவு போதும். இதற்கு மேல் படிப்பது, மதிப்பைத் தாமே சராசரி எடுத்து மென்மையாக்க விரும்புபவர்களுக்கு.

படி 4: சராசரி ஏன் பாதியில் நின்றுவிடுகிறது

ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் பழகிவிட்டு இங்கே வருபவர்கள் முதலில் செய்வது இதைத்தான்: 'பழைய மதிப்பு + (புதியது - பழையது) × 0.2'. அழகான வாய்பாடு. ஆனால் ப்யூர் டேட்டாவில் போட்டால் ஃபேடரை மேலே முட்டும்வரை தள்ளினாலும் ஒலி முழு அளவை எட்டாது. கீழே இறக்கினால் முழுமையாக அடங்காது. வாய்பாட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தும் காரணம் எனக்கு வெகுநேரம் பிடிபடவில்லை.

வாய்பாட்டில் தவறே இல்லை. ஆர்டுயினோவில் நிரல் குமிழை ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கும். குமிழ் அசையாமல் நின்றாலும் கணக்கு நடக்கும், விடை இலக்கை நெருங்கிவிடும். மிடி அப்படியல்ல. மதிப்பு மாறினால்தான் செய்தி வரும். நின்றுவிட்டால் ஒரு வார்த்தை வராது. 0 அனுப்பும் ஒரு பொத்தான் திடீரென்று 127 அனுப்புகிறது என்று வையுங்கள். கணக்கு ஒருமுறை நடக்கும், விடை 25.4. அடுத்த செய்தி வராததால் அங்கேயே நிற்கும். ஃபேடரில் இது இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது, ஏனென்றால் நகர்த்தும்போது பல செய்திகள் வருகின்றன. கடைசிச் சில செய்திகளின் பாக்கி மட்டும் தீராமல் நிற்கும்.

ஆகவே சராசரி எடுக்கும் இந்த வடிகட்டிக்கு அதன் சொந்தக் கடிகாரம் வேண்டும். அமைப்பு இப்படி:

10 மில்லிவினாடிக்கு ஒருமுறை தட்டும் 'மெட்ரோ 10' ஒன்றை ஓடவிடுங்கள். அது ஓர் 'எஃப்' ஆப்ஜெக்டின் இடது இன்லெட்டைத் தட்டட்டும். சிடிஎல்இன் மதிப்பு அதே எஃப்பின் வலது இன்லெட்டுக்குப் போகட்டும். அங்கே அது சத்தமில்லாமல் காத்திருக்கும். எஃப்பின் வெளியீடு, கணக்குப் போடும் கீழுள்ள எக்ஸ்பர் (இ, எக்ஸ், பி, ஆர்) ஆப்ஜெக்டின் இடது இன்லெட்டுக்கு ($எஃப்1 இடது இன்லெட், $எஃப்2 வலது):

எக்ஸ்பர் $எஃப்2 + ($எஃப்1 - $எஃப்2) * 0.2

இதன் விடையை இதே ஆப்ஜெக்டின் வலது இன்லெட்டுக்கே திருப்பி மாட்டுங்கள். சுற்று முடிவில்லாமல் ஓடி நிரல் உறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். வலது இன்லெட் வாங்கி வைத்துக்கொள்ளுமே தவிர, கணக்கைத் தூண்டாது. இப்போது அதே பொத்தானை அழுத்தினால் 25.4, 45.7, 62 என்று ஏறி, 200 மில்லிவினாடியில் 125ஐத் தாண்டிவிடும். விடையை '/ 127' வழியாக '$1 10' மெசேஜுக்கும் அங்கிருந்து லைன்~க்கும் அனுப்புங்கள். அந்த லைன்~ஐ விட்டுவிட்டால் 10 மில்லிவினாடிக்கு ஒரு டிக் மிச்சமிருக்கும்.

இவ்வளவு கம்பி இழுக்கச் சோம்பலா? '/ 127'இன் கீழே, எண்ணைச் சிக்னலாக்கும் 'சிக்~' (எஸ், ஐ, ஜி) போட்டு, அதன் கீழே வேகமான மாற்றங்களைத் தணிக்கும் 'லாப்~ 5' (எல், ஓ, பி) வையுங்கள். ஒலி எந்திரம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால் கடிகாரப் பிரச்சினையே இல்லை. 5 ஹெர்ட்ஸ் என்றால் இலக்கை அடைய ஏறத்தாழ 150 மில்லிவினாடி. என் பேட்சுகளில் பாதிக்கு மேல் இதுதான் இருக்கிறது. லைன்~ நேர்கோட்டில் போய்ச் சட்டென்று நிற்கும், லாப்~ வேகம் தணிந்து நிற்கும். ஃபேடரை மெதுவாக நகர்த்தும்போது வித்தியாசம் காதுக்கே தெரியும்.

படி 5: ஃபில்டருக்கு வேறு கணக்கு

குமிழால் ஃபில்டரை (ஒலியின் சில அதிர்வெண்களை மட்டும் விடும் ஆப்ஜெக்டை) நகர்த்தும்போது அதிர்வெண்ணை நேர்கோட்டில் அளக்காதீர்கள். 65 ஹெர்ட்ஸிலிருந்து 8,372 வரை 127 சம படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 65 ஹெர்ட்ஸ். குமிழின் முதல் அசைவிலேயே 65 என்பது 130 ஆகிறது: முழு ஸ்தாயி! எந்த மென்மையாக்கலும் இதைக் காப்பாற்றாது. குமிழை மிடி சுர எண்களுக்கு மாற்றுங்கள். 84ஆல் பெருக்கி, 127ஆல் வகுத்து, 36ஐக் கூட்டினால் 36 முதல் 120 வரை வரும். அதே எல்லைகள்தான், ஆனால் எங்கே திருப்பினாலும் ஒரு படி அரைச்சுரத்தின் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே.

வரிசை முக்கியம். முதலில் லைன்~, பிறகு சுர எண்ணை அதிர்வெண்ணாக்கும் 'எம்டூஎஃப்~' (எம், டி, ஓ, எஃப்), அதன் பிறகு ஃபில்டர். மாற்றிப் போட்டால் சறுக்கல் காதுக்கு ஏற்றத்தாழ்வாகக் கேட்கும். ஃபில்டராக லாப்~ஐ வைக்காதீர்கள், அதன் வலது இன்லெட் சிக்னலை வாங்காது. 'விசிஎஃப்~' வாங்கும். நேரம் 20க்குப் பதிலாக 50 வைத்துப் பாருங்கள். ஒலியளவில் தாமதத்தைப் பொறுக்காத காது ஃபில்டரில் பொறுத்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை 1: குமிழைத் தொடாமலே 63, 64, 63 என்று மதிப்பு நடுங்குவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். பழைய குமிழ்களில் இது சகஜம். மென்மையாக்கினால் நடுக்கம் மெல்லிய அலைவாக மாறுமே ஒழியப் போகாது. சிடிஎல்இன்னுக்கு அடுத்தபடியாக இதை வையுங்கள்:

எக்ஸ்பர் இஃப்(ஏபிஎஸ்($எஃப்1 - $எஃப்2) > 1 || $எஃப்1 == 0 || $எஃப்1 == 127, $எஃப்1, $எஃப்2)

விடை மறுபடியும் வலது இன்லெட்டுக்கு, கூடவே, அதே மதிப்பு திரும்ப வந்தால் விடாத 'சேஞ்ச்' ஒன்றுக்கு. ஒரு படி மாற்றத்தை இது பொருட்படுத்தாது. 0ஐயும் 127ஐயும் தனியாகச் சேர்த்ததற்குக் காரணம், இல்லாவிட்டால் 126இல் நின்ற குமிழ் 127ஐத் தொடவே முடியாது.

பின்சேர்க்கை 2: 14 பிட் கண்ட்ரோலர் இருந்தால் இதெல்லாம் தேவையா என்று இன்னொருவர் கேட்டார். 0 முதல் 31 வரையிலான கண்ட்ரோலர் எண்களுக்கு 32 முதல் 63 வரை ஜோடி உண்டு. 1 பெரிய பகுதி, 33 சிறிய பகுதி. சேர்த்தால் 16,384 நிலைகள். கரகரப்பு வெகுவாகக் குறையும், ஆனால் லைன்~ஐ எடுத்துவிடாதீர்கள். வேறொரு சிக்கல் வேறு இருக்கிறது. மதிப்பு 8,191இலிருந்து 8,192க்குப் போகும்போது பெரிய பகுதி 63இலிருந்து 64 ஆகிறது, சிறியது 127இலிருந்து 0 ஆகிறது. பெரியது முதலில் வந்து, பழைய 127ஓடு கூடினால் ஒரு கணம் 8,319 என்று எகிறும். பெரிய பகுதியை 128ஆல் பெருக்கி '+'இன் வலது இன்லெட்டுக்கும், சிறியதை இடது இன்லெட்டுக்கும் கொடுங்கள். சிறியது வந்த பிறகுதான் கூட்டல் நடக்கும். உங்கள் கருவி ஒவ்வொரு தடவையும் இரண்டையும் அனுப்புகிறதா என்பதை மட்டும் முதலில் 'பிரிண்ட்' மாட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.