கமெரா போகாத மன்றிலிருந்து ஒரு வழக்குத் தொடர்: திருகோணமலையில் எடுப்பது எப்படி

2002இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி, சான் டியேகோ மாவட்ட வழக்குத்தொடுநர் அலுவலகத்தோடு கூடவே திரிந்து, உண்மையான குற்ற வழக்குகளைத் தொடராக ஒளிபரப்பியது. அதுபோல ஒன்றைத் தமிழில் எடுக்க வேண்டும் என்று யூடியூப் அலைவரிசை நடத்தும் பலருக்கும் ஆசை. ஆனால் அந்தத் தொடரை அப்படியே இங்கே இறக்க முடியாது. 1981இல் சான்ட்லர் எதிர் புளோரிடா வழக்கில், மாநிலங்கள் விரும்பினால் வழக்கு விசாரணையை ஒளிபரப்ப விடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த வாசல் திறந்த பிறகு வந்த பண்டம் அது. அங்கேயும் கூட்டாட்சி நீதிமன்றக் குற்ற வழக்குகளில் கமெராவுக்கு இன்றைக்கும் இடமில்லை.

இங்கே இலங்கையில் நீதிபதியின் அனுமதியில்லாமல் மன்றுக்குள் படம் எடுத்தாலோ குரல் பதிந்தாலோ அவமதிப்புக் குற்றத்தில் போய் நிற்க வேண்டிவரும். நீதிமன்ற அவமதிப்புக்கென்றே 2024இல் 8ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அரசியலமைப்பின் 106ஆவது உறுப்புரை, நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்கிறது. கமெராவுக்குப் பூட்டிய கதவு ஆளுக்குத் திறந்திருக்கிறது. ஆகவே உங்கள் தொடருக்குக் கமெரா என்பது குறிப்புப் புத்தகம்தான்.

வழக்கைத் தெரிவது

முதல் பாகத்துக்கு நடந்துகொண்டிருக்கும் வழக்கை எடுக்காதீர்கள். தீர்ப்பு வந்து, மேன்முறையீட்டுக்கான 14 நாளும் கழிந்த மேல் நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தேடுங்கள். மேன்முறையீடு போயிருந்தால் அதைத் தவிர்ப்பது நல்லது. விடாப்பிடியாக எடுப்பதென்றால் தீர்ப்பு இறுதியானதல்ல என்று பாகத்தின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

எல்லா வழக்கும் தொடருக்கேற்ற உச்சக்கட்டத்தோடு முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றத்திலேயே விடுவிக்கப்பட்டார்கள். போதிய சாட்சியம் இல்லை என்பது காரணம். 1996இல் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் ஊர்மக்கள் கொல்லப்பட்ட வழக்கு அநுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்குப் போய், 2016 ஜூலையில் ஜூரியின் தீர்ப்போடு விடுதலையில் முடிந்தது. இப்படியானவற்றை எடுக்கும்போது கதை “யார் செய்தது” என்பதல்ல. சாட்சிகளுக்கு என்ன நடந்தது, வழக்கு ஏன் இடம் மாறியது, பத்து இருபது வருடம் எங்கே போனது என்பதுதான். அமெரிக்கத் தொடரின் அச்சில் அது அடங்காது. அடக்கப் பார்த்தால் பொய் வரும்.

திகதி தேடுவது

வழக்கு இலக்கம், எந்த மன்று, அடுத்த திகதி: இந்த மூன்றும் இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டாம். திகதி என்று சொன்னால் அது அழைப்புக்கா, விளக்கத்துக்கா என்று சட்டத்தரணியிடமோ பதிவாளர் அலுவலகத்திலோ கேளுங்கள். அழைப்பு என்றால் வழக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் எடுபட்டு அடுத்த திகதி போய்விடும். அதற்கு ஒருவர் போனால் போதும். விளக்கம் என்றால் சாட்சிகளை விசாரிக்கும் நாள். அதுவும் சாட்சி வராமல், வழக்கை நடத்தும் அரச சட்டவாதி வேறு மன்றில் நிற்பதால், அல்லது எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) தரப்புச் சட்டத்தரணி தவணை கேட்டதால் ஒத்திப்போகும். மூன்று விளக்கத் திகதிக்கு ஒன்றுதான் உருப்படியாக நடக்கும் என்று வைத்துச் செலவுக் கணக்குப் போடுங்கள்.

காலை 9 மணிக்கு முன்னரே போய் அறிவித்தல் பலகையில் வழக்குப் பட்டியலைப் பாருங்கள். உடுப்பு அடக்கமாக இருக்கட்டும். தொலைபேசியை அதிர்வில் அல்ல, முழுதாக நிற்பாட்டி வையுங்கள். மன்றுக்குள் ஒரு சிணுங்கல் கேட்டால் அன்றைய நாள் உங்களுக்கு அதோடு முடிந்தது.

குறிப்பு எடுப்பது

கோடு போட்ட 120 பக்கக் கொப்பி ஒன்றும் இரண்டு பேனையும் போதும். இடப்பக்கத்தில் நேரமும் பேசுகிறவரும். வலப்பக்கத்தில் கேள்வியும் பதிலும். பக்கங்களுக்கு முன்கூட்டியே இலக்கமிடுங்கள். சான்றுப் பொருளுக்கு மன்று இடும் அடையாளத்தை, பி1, பி2 என்று, ஓரத்தில் வட்டமிட்டு எழுதுங்கள். பிறகு “எந்தக் கத்தி?” என்று தலையைப் பிய்க்கத் தேவையில்லை.

அதிகம் பிழைபோகும் இடம் மொழி. திருகோணமலையில் சாட்சி தமிழில் சொல்லுவார், பொலிஸ் அதிகாரியோ சட்ட வைத்திய அதிகாரியோ சிங்களத்தில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் முதலியார் இடையில் நின்று மாற்றுவார். நீங்கள் எழுதுவது சாட்சியின் வாயிலிருந்து வந்ததா, மொழிபெயர்ப்பா? இரண்டாவதென்றால் பக்கத்தில் “மொ” என்று போடுங்கள். அப்படிப்பட்ட வசனத்தை மேற்கோள் குறிக்குள் வைக்கவே கூடாது. “என்ற கருத்தில் சாட்சியமளித்தார்” என்றே எழுத வேண்டும். ஒரு சொல் மாறினாலே கொலை, அதைவிடக் குறைந்த குற்றமான கைமோசக் கொலையாகும் வழக்குகள் இவை.

முதன்மை விசாரணையை மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்தச் சாட்சியின் குறுக்கு விசாரணையைக் கேட்காதவர் அந்தச் சாட்சியைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. எதிரி கூண்டில் நின்று சத்தியமில்லாமல் வாக்குமூலம் கொடுத்தால், அது சத்தியம் செய்து கொடுத்த சாட்சியமல்ல என்று தனியாகக் குறியுங்கள்.

மாலையிலேயே, ஞாபகம் சூடாக இருக்கும்போது, கொப்பியைத் தட்டச்சு செய்யுங்கள். இரண்டு மணிநேரச் சாட்சியத்துக்கு அதே அளவு நேரம் எடுக்கும்.

காட்டக் கூடாதவை

சந்தேகநபரின் முகம் முதலாவது. சாட்சி பலருக்குள் சந்தேகநபரை இனங்காட்டும் அடையாள அணிவகுப்பு நடக்கும் முன்னர் அந்த முகம் ஊர் முழுக்கப் பரவினால், எதிரி தரப்புச் சட்டத்தரணி சாட்சியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “இவரை முகநூலில் பார்த்தீர்கள்தானே?” வழக்குத் தரப்பின் முதுகெலும்பு அதோடு முறியும். நீதி கேட்டுப் போட்ட பதிவே ஆளை விடுவித்துவிடும்.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின் கீழ் குற்றம். பெயரை மறைத்துவிட்டு “நிலாவெளியில் இன்ன பாடசாலைக்கு அருகில், தகப்பன் மீன் வியாபாரி” என்று சொன்னால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். ஆகவே ஊர், உறவு, தொழில் மூன்றையும் எடுத்துவிடுங்கள். சிறுவர்களுக்கும் அதே கவனம்.

“பொலிஸாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்” என்பது இங்கே பெரிய தலைப்பு. ஆனால் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. மன்றில் எடுபடாத ஒன்றை வைத்துப் பாகத்தைக் கட்டாதீர்கள்.

சொற்கள்

பிடிபட்டவர் சந்தேகநபர், குற்றப்பகர்வுப் பத்திரம் வந்த பிறகு எதிரி, தீர்ப்புக்குப் பிறகே குற்றவாளி. அமெரிக்க மாவட்ட வழக்குத்தொடுநரைச் “சட்டமா அதிபர்” என்று மொழிபெயர்ப்பதை விட்டுவிடுங்கள். அவர் பெரும்பாலும் வாக்குக் கேட்டு வெல்கிறவர், கமெரா அவருக்கு வேண்டிய பொருள். நம்முடைய அரச சட்டவாதி சட்டமா அதிபர் திணைக்கள உத்தியோகத்தர். நடக்கும் வழக்கைப் பற்றி அவர் உங்களுக்குப் பேட்டி தரமாட்டார். அவரைக் கதாநாயகனாக்கும் திட்டத்தை முதலிலேயே கைவிடுங்கள்.

பாகத்தைக் கட்டுவது

20 நிமிடப் பாகத்துக்கு 1,800 முதல் 2,000 சொற்கள் வரை போதும். அதற்கு மேல் போனால் வாசிப்பவருக்கு மூச்சு வாங்கும். பிரதியின் ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே கொப்பிப் பக்க இலக்கத்தைப் போடுங்கள். இலக்கம் இல்லாத வசனம் வெட்டுக்கு. மன்றுக் காட்சிக்கு, வெளியே வந்து நினைவிலிருந்து வரைந்த கோட்டுப் படம் பொருந்தும். சாட்சியின் முகத்தை வெறுமையாக விடுங்கள். நடித்துக் காட்டும் காட்சியில் யார் எங்கே நின்றார், ஆயுதம் எந்தக் கையில் என்பதைச் சாட்சியம் சொல்லியிருந்தால் மட்டும் காட்டுங்கள்.

வெளிப்புறப் படப்பிடிப்பு லேசான வேலைதான், இரண்டு விடயம் கவனித்தால். கச்சான் காற்றுக் காலத்தில் டச்சுக்குடாப் பக்கம் பேட்டி எடுத்தால் மைக்குக்கு மயிர் உறை கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு சொல்லும் கேளாது. ட்ரோனை எண்ணவே வேண்டாம், ஒருபக்கம் கடற்படைத் தளம், மறுபக்கம் சீனன்குடா விமானத் தளம். கோட்டைப் பக்கம் மான் படத்துக்குள் வந்தால் வரட்டும், அது நம்முடைய ஊர்.

பதிவேற்றிய பிறகு ஒருவரை மேன்முறையீட்டு நீதிமன்றத்தைக் கவனிக்க விடுங்கள். தீர்ப்பு மாறினால் காணொளியை அழிக்காமல், முதல் ஐந்து விநாடியில் புதிய தீர்ப்பும் அதன் திகதியும் உள்ள அட்டையைச் சேர்த்து மறுபடி ஏற்றுங்கள். விளக்கக் குறிப்பின் முதல் வரியிலும் அதையே எழுதுங்கள்.