டிஸ்லெக்ஸியா: உதவுவதாக நினைத்து நாம் செய்யும் தவறுகள்

டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடு உள்ள நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் 'தொட்டி' என்ற சொல்லை வாசித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் 'தெட்டி' என்றான். விரலை வைத்துப் பார்த்து 'தாட்டி' என்றான். அடுத்த வரியில் அதே சொல் வந்ததும், பார்த்தே அறியாத சொல்லைப் போல முதலிலிருந்து தொடங்கினான். வீட்டில் அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர். அந்த ஒரு பக்கத்துக்கு அவன் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் யாருக்கும் அப்படிச் சொல்ல மனம் வராது.

'தொ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியதோ 'த்'. பேச்சிலுள்ள ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதுதான் டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைக்குச் சிரமம். பார்வையிலோ அறிவிலோ கோளாறு இல்லை. அதனால் கண் பயிற்சிகளுக்குச் செலவழிக்கும் பணமும் காலமும் வீண்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இம்போசிஷன். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொன்னால், மூன்றாவது வரியிலேயே ஒலியை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பார்த்து வரைகிறது பிள்ளை. முதல் வரியில் தவறியிருந்தால் பத்தும் தவறு. அதற்குப் பதில் மூன்றே சொற்களை எடுங்கள். 'தொட்-டி' என்று கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். 'த்' என்பதோடு 'ஒ' சேர்ந்தால் 'தொ' என்று வாயால் சொல்லிக்கொண்டே, தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் பெரிதாக எழுதட்டும். ஒலி, விரல், கண் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

ல, ள, ழ குழம்புவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்; அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. எட்டு வயதிலும் எழுத்துக்கூட்டவே திணறினால், 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். வகுப்பில் திடீரென்று எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்வதை ஆசிரியர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடுமோ என்று பயந்து, குறைபாட்டுக்கான சான்றிதழ் வாங்காமல் இருப்பவர்களும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடங்கும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கியபின் சான்றிதழுக்கு ஓடாதீர்கள்.

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பாடமும் புரியாது என்று நினைப்பது இன்னொரு தவறு. அந்தப் பையனுக்கு அறிவியல் பாடத்தை நானே வாசித்துக் காட்டி, வாயால் பதில் சொல்லச் சொன்னேன். ஒன்பது கேள்வி, ஒன்பதும் சரி. அதே பாடத்தில் அவன் எழுதிய தேர்வுத் தாளில் ஐம்பதுக்கு ஏழு.