பத்திரத்தில் 'அபட்': எல்லை சொல்லும் ஆங்கில வினையை எழுதுவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளுக்குப் பங்குதாரர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தால், பொது அதிகாரப் பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வரும். புதிதாக எழுதுகிறவர்கள் சொத்து விவரத்தில் 'அபட்' என்ற வினையிடம் வந்ததும் தடுமாறுகிறார்கள். ஓர் இடம் இன்னோர் இடத்தை எல்லையில் ஒட்டியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

படி 1: எழுத்தைச் சரிபாருங்கள். ஏ, பி, யு, டி என நான்கே எழுத்து. நடுவில் ஓர் 'ஓ' நுழைந்தால் 'அபவுட்' ஆகிவிடும். அதுவும் நல்ல ஆங்கிலச் சொல்தான் என்பதால் கணினி கண்டுகொள்ளாது. இறந்தகாலத்தில் 'டி' இரட்டிக்கும்: அபட்டட்.

படி 2: உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று இடத்தைப் போய்ப் பாருங்கள். பொதுச்சுவர் இருந்தால் 'அபட்' தாராளமாகப் போடலாம். இரண்டு வீட்டுக்கும் நடுவே சந்து ஓடினால், உங்கள் வீடு ஒட்டியிருப்பது சந்தைத்தான். பக்கத்து வீட்டை அல்ல. மூன்றடிச் சந்துதானே என்று விட்டுவிடாதீர்கள். பிற்பாடு வழக்கு வருவது அந்த மூன்றடிக்காகத்தான்.

படி 3: திசையைத் திருப்புங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். கானாடுகாத்தானில் கிழக்குப் பார்த்த வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பெரிய வீடுகள் பலவற்றைப் போல, தலைவாசல் ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலும் திறக்கின்றன. தமிழ்ப் பத்திரம் அதை இப்படிச் சொல்லும்: 'முன்தெருவுக்கும் மேற்கு, பின்தெருவுக்கும் கிழக்கு, சந்துக்கும் வடக்கு, இன்னார் வீட்டுக்கும் தெற்கு, இதற்கு மத்தியில் உள்ள மனையும் கட்டடமும்.'

இதில் வரும் திசைகள் நம் வீட்டுக்கு உரியவை. சந்துக்கு வடக்கே நம் வீடு இருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலமோ எல்லை எந்தப் பக்கம் என்று கேட்கும். எனவே 'தி ஹவுஸ் அபட்ஸ் தி லேன் ஆன் தி சவுத்' என்று எழுத வேண்டும். வடக்கு தெற்காகும், மேற்கு கிழக்காகும். அப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வீடு சந்துக்கு அந்தப்புறம் போய் உட்கார்ந்துகொள்ளும். பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் ஏற்கின்றன. ஆகவே இது வெறும் மொழிப்பிழை என்று தப்பித்துக்கொள்ள முடியாது. தாளில் நான்கு கோடு போட்டு, திசை குறித்துக்கொண்டு எழுதுங்கள்.

படி 4: பெரிய நிலப்பரப்புக்கு வேறு வினை. சிவகங்கை மாவட்டமும் புதுக்கோட்டை மாவட்டமும் எல்லையைப் பகிர்வதைச் சொல்ல 'பார்டர்' போதும். 'அபட்' மனைக்கும் சுவருக்கும் உரிய சொல்.

படி 5: அண்டை வீட்டின் அடையாளம். நகரத்தார் வீடுகளை ஊரில் விலாசத்தால்தான் சொல்வார்கள். இங்கே விலாசம் என்றால் முகவரி அல்ல, குடும்பத்தைக் குறிக்கும் சில முதலெழுத்துகள். பழைய பத்திரத்தில் விலாசம் மட்டும் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, இப்போது யார் வசம் இருக்கிறது என்பதையும் கதவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, நகர வீடுகளுக்குத் தெருவின் எந்தப் பக்கம், இன்றும் முன்பும் யார் வசம், எண் இருந்தால் எண் என்று கேட்கிறது. விலாசத்துக்கு ஆங்கில எழுத்துகளை நீங்களாகப் போடாமல், அந்த வீட்டார் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.