வீணைக்கு கேஸ் வாங்கறீங்களா? முதல்ல டேப் எடுங்க

வீணைக்கு டிராவல் கேஸ் வாங்கறவங்க நிறைய பேரு நீளத்த மட்டும் சொல்லி ஆர்டர் குடுத்துடறாங்க, தப்பு அங்கதான் நடக்குது. குடத்தோட (உருண்டையான பெரிய பாகம்) ஆழம், அது மேல தந்திய தாங்கற குதிரையோட உயரம், இன்னொரு முனையில இருக்கற யாளித் தலை எவ்ளோ வளைஞ்சு இறங்குதுன்னு எல்லாத்தையும் அளந்துட்டுப் போங்க. ராயபுரத்துலேர்ந்து சென்ட்ரல் போறதுக்குள்ள என் பொண்ணு வீணையில யாளி மூக்கு சில்லு பேந்துடுச்சு, கேஸ் மூடி அங்க போய் அழுத்திட்டு இருந்திருக்கு, பாத்ததும் மனசே ஆறல.

ஃபைபர் கேஸ்தான் நல்லது, வெயிட் கம்மி, துணிப் பைய நம்பி ரயில்ல ஏறாதீங்க. உள்ள ஃபோம் குடத்துக்கு மட்டும் இருந்தா பத்தாது, தண்டிக்கு (குடத்துலேர்ந்து நீளமா போற பாகம்) அடியிலயும் தாங்கல் வேணும், குடத்தையும் தண்டியையும் தனித்தனியா செஞ்சு ஒட்டின ஒட்டு வீணைன்னா கண்டிப்பா வேணும், ஏன்னா ஆட்டம் முழுக்க அந்த ஒட்டுலதான் இறங்கும். தண்டிக்கு அடியில மாட்டற சுரைக்காய கழட்டி தனியா துணில சுத்துங்க, தந்தி லேசா தளர்த்துங்க.

அப்புறம் மெழுகு! ஸ்வரத்துக்காக தந்திய அழுத்தற 24 உலோக மெட்டும் தண்டி மேல மெழுகுலதான் நிக்குது, மே மாச வெயில்ல மூடின கார்ல கேஸோட விட்டுட்டுப் போனா எளகி மெட்டு நகந்துடும், எவ்ளோ நல்ல கேஸா இருந்தாலும் சூட்டத் தடுக்காது.