வேறொரு பண்பாட்டுக்காரருக்குப் பரிசு கொடுப்பதற்கு முன்

வேறு நாட்டுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கோ விருந்துக்கோ அழைப்பு வந்ததும் என்ன வாங்கலாம் என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இதை வாங்கிக்கொண்ட பிறகு அவர்கள் என்ன செய்தாக வேண்டியிருக்கும் என்று முதலில் யோசியுங்கள். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் என்ன வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்பதெல்லாம் பாதி முடிந்த மாதிரி.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் பல சமூகங்களின் வழக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்து 1925-ல் இதைத்தான் எழுதினார்: கொடுப்பது, மறுக்காமல் வாங்கிக்கொள்வது, பிறகு திருப்பிச் செய்வது மூன்றுமே கடமை. மனசார, எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்தேன் என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் வாங்கியவர் தோளில் ஒரு கடன் ஏறத்தான் செய்யும்.

அதனால் தேவைக்கு மேல் பெரிதாகக் கொடுக்காதீர்கள். ஜப்பானில் குழந்தை பிறந்த வீட்டுக்குப் பரிசு அனுப்பினால், அதன் மதிப்பில் ஏறக்குறைய பாதிக்கு ஒரு பொருளை அவர்கள் திருப்பி அனுப்புவது வழக்கம், 'ஓகாயேஷி' என்பார்கள். நீங்கள் அன்பு மிகுதியில் விலை உயர்ந்த ஒன்றை அனுப்பி வைத்தால், கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கும் அந்த அம்மாவுக்கு அதில் பாதி விலைக்கு ஒரு பொருளைத் தேடிப் பிடித்து அனுப்பும் வேலையையும் சேர்த்துத்தான் அனுப்புகிறீர்கள்.

வாங்கிக்கொள்ளும்போதும் இதே கவனம் வேண்டும். கனடாவின் பசிபிக் கரையில் க்வாக்வக்கவாக்வ் போன்ற மக்கள் நடத்தும் 'பாட்லாட்ச்' விருந்தில் ஒரு குடும்பத் தலைவர் தன் பட்டத்தையும் உரிமைகளையும் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்து, வந்தவர்களுக்கு ஏராளமாகப் பொருட்களைப் பகிர்ந்து கொடுப்பார். அதை வாங்கிக்கொள்கிறவர் அந்த உரிமைக்குச் சாட்சியாகிறார். அதாவது அங்கே பரிசுதான் பத்திரப் பதிவு. இது புரியாத கனடா அரசு 1885 முதல் 1951 வரை பாட்லாட்ச்சைத் தடை செய்து, ஒரு சமூகத்தின் சட்டத்தையே முடக்கி வைத்தது. இன்று படித்தாலும் கோபம் வருகிறது. எனவே ஒரு சடங்கில் உங்கள் கையில் எதையாவது கொடுத்தால், எதற்குச் சாட்சியாகிறோம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணமாகக் கொடுக்கலாமா? பல ஊர்களில் அதுதான் சரியான பரிசு, ஆனால் நுணுக்கம் அதிகம். சீனத் திருமணத்துக்குச் சிவப்பு உறை, துக்க வீட்டுக்கு வெள்ளை. கொரியாவிலோ கல்யாணத்துக்கே வெள்ளை உறைதான். சீனர்கள் கல்யாணத்துக்கு இரட்டைப்படைத் தொகையை விரும்புவார்கள் (நான்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது சாவோடு சேர்ந்த எண்). ஜப்பானிலும் கொரியாவிலும் ஒற்றைப்படை. ஜப்பானியக் கல்யாணத்துக்கு மடிப்புக் கலையாத புது நோட்டு வேண்டும். துக்கத்துக்குப் புது நோட்டு வைத்தால் சாவை எதிர்பார்த்துத் தயாராக இருந்த மாதிரி ஆகிவிடும். கிழக்காசியா எல்லாம் ஒன்றுதானே என்று ஒரே விதியை எல்லோருக்கும் போட்டுவிடாதீர்கள்.

பூங்கொத்து என்றால், ரஷ்யாவில் ஒற்றைப்படையில் எண்ணி வாங்குங்கள், இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. பிரான்சிலும் இத்தாலியிலும் சாமந்தி கல்லறைக்குப் போகும் பூ.

அப்புறம், கொடுக்கும் விதம். கொரியாவில் இரண்டு கைகளாலும் கொடுப்பதும் வாங்குவதும்தான் மரியாதை. சீனர் ஒருவர் முதல் இரண்டு முறை வேண்டாம் என்றால் அது மரியாதைக்குச் சொல்வதாக இருக்கலாம், உடனே பையில் போட்டுக்கொள்ளாமல் இன்னொரு முறை நீட்டுங்கள். அமெரிக்காவில் உங்கள் முன்னாலேயே பிரித்துப் பார்த்து மகிழ்வார்கள். ஜப்பானிலும் சீனாவிலும் பெரும்பாலும் நீங்கள் போன பிறகுதான் பிரிப்பார்கள், பிடிக்கவில்லையோ என்று கவலைப்பட வேண்டாம். ஃபிஜி கிராமத்துக்குப் போகிறீர்களா, முதல் வேலையாகப் பானம் தயாரிக்கப் பயன்படும் 'யங்கோனா' வேரை ஊர்த் தலைவரிடம் வையுங்கள். ஊருக்குள் வர அனுமதி கேட்பதே அந்தப் பரிசுதான், அதற்கு முன்னால் சுற்றிப் பார்க்கக் கிளம்பாதீர்கள்.

திருப்பிச் செய்வதில்தான் நல்ல மனசுக்காரர்களும் தடுமாறுகிறார்கள். யாராவது ஒன்று கொடுத்தால் மறுநாளே அதே விலைக்கு ஒன்றை வாங்கி நீட்டிவிட்டு, பாடு தீர்ந்தது என்று மூச்சு விடுகிறார்கள். பப்புவா நியூ கினியாவின் ட்ரோப்ரியண்ட் தீவுக்காரர்களின் 'குலா' என்ற பரிசுப் பரிமாற்றத்தைப் பாருங்கள். சிவப்புச் சிப்பி மாலைகள் தீவு தீவாக ஒரு திசையிலும், வெள்ளைச் சங்கு வளைகள் எதிர்த் திசையிலும் கடல் கடந்து சுற்றி வருகின்றன. மாலை வாங்கியவர் ஈடான வளையைப் பிறகு கொடுத்தால் போதும், யாரும் பேரம் பேசுவதில்லை. பேரம் பேசி நடக்கும் வியாபாரம் தனி, அதற்கு 'கிம்வாலி' என்று பெயர். குலாவில் அவசரப்பட்டுக் கணக்குப் பார்ப்பவனை, கிம்வாலி மாதிரி நடத்துகிறான் என்று ஏசுவார்களாம். அந்த இடைவெளியில்தான் உறவு உயிரோடு இருக்கிறது. ஆகவே வழக்கமே நாள் குறித்திருந்தால் ஒழிய, கொஞ்ச காலம் போகட்டும், அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் வரட்டும், அப்போது கொஞ்சம் கூடக்குறைய மதிப்புள்ளதாகக் கொடுங்கள்.

அலுவலகத் தொடர்பு என்றால் வழக்கத்தை விடச் சட்டம் முக்கியம். தென்கொரியாவில் 2016-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள் வாங்கும் பரிசுக்கும் மொய்ப் பணத்துக்கும்கூட உச்சவரம்பு வைத்திருக்கிறது. கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? அழைத்தவரிடம் கேட்டால் ஒன்றும் வேண்டாம், வந்தாலே போதும் என்பார். அதே சமூகத்தில், அவரோடு உங்களைப் போலவே உறவுள்ள இன்னொருவரிடம், எவ்வளவு கொடுப்பார்கள், எப்போது எடுத்துக் கொடுப்பார்கள், அவர்கள் எதைத் திருப்பிச் செய்வார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். அந்தச் சமூகத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டு போன வெளியாள் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது, பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்குச் சொல்லத் தோன்றாததையும் அவர் சொல்வார்.