கட்டன் முதல் ஆற்றின டீ வரை: குமுளிப் பக்கத்து டீயை வீட்டில் போடுவது எப்படி

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வழியாக மலை ஏறினால் குமுளி. எல்லை ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா, இரண்டு பக்கமும் டீக்கடைகள். இந்தப் பக்கத்தில் "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ, சீனி கம்மி" என்று கேட்பவர், நாலு எட்டு நடந்து அந்தப் பக்கம் போனதும் "சேட்டா, ஒரு கட்டன், மதுரம் குறைச்சு மதி" என்பார். ஆள் ஒருவர்தான். வேளையையும் கூட இருக்கும் பலகாரத்தையும் பொறுத்துக் குடிக்கிற டீ மாறுகிறது.

இந்த டீ வகைகளை வீட்டில் போடப் பழகுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: பால் டீயில் தொடங்காதீர்கள். முதலில் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத டீ, போடக் கற்றுக்கொள்ளுங்கள். பால் எல்லாக் குறையையும் மூடிவிடும். தூள் பழசா, தண்ணீர் சரியில்லையா, நேரம் கூடிப்போனதா என்பதெல்லாம் பால் இல்லாத டீயில்தான் நாக்குக்குத் தெரியும். கட்டன் கைவந்துவிட்டால் மற்றவை அதிலிருந்து கிளைத்து வருபவைதான்.

தூளும் தண்ணீரும்

கடையில் கிடைக்கும் சாதாரண டீத்தூள் சிடிசி வகையைச் சேர்ந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்கிற முறை அது. அதிலேயே குருணை பெரிதாக இருந்தால் 'லீஃப்', பொடியாக இருந்தால் 'டஸ்ட்'. டஸ்ட் என்றதும் கழித்துப் போட்ட குப்பை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அது அளவைக் குறிக்கும் பெயர் மட்டுமே. குருணை சின்னதாக இருப்பதால் சீக்கிரம் இறங்கும், நிறமும் கடுப்பும் அதிகம் கிடைக்கும். கேரளத்துக் கடைகளுக்கும் நம் கடைகளுக்கும் பிடித்தது இதுதான். 1947-இல் தொடங்கிய கொச்சி டீ ஏலத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் டஸ்ட்தான். பழகுவதற்கு டஸ்டையே வாங்குங்கள், கால் கிலோ போதும். பெரிய பாக்கெட் வாங்கினால் பாதி தீர்வதற்குள் வாசம் போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் கூடிய போர் தண்ணீரில் டீ போட்டால் நிறம் மங்கி, மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் மிதக்கும். அதற்குத் தூளைக் குறை சொல்லாதீர்கள். குடிக்கிற தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அதே தூள் செக்கச் செவேல் என்று இறங்கும். மலையில் குடித்த டீ ஊருக்கு வந்தால் அதே ருசியில் வரவில்லை என்று பலர் சொல்வதற்குத் தண்ணீர் ஒரு முக்கியமான காரணம்.

உயரமும் கணக்கில் வரும். சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் ஒரு டிகிரி முன்னதாகவே கொதிக்கும். 1500 மீட்டருக்கு மேல் இருக்கும் மூணாறில் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே தூளை ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவிட வேண்டும். கீழே கம்பத்திலோ தேனியிலோ இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

முதல் படி: கட்டன்

இரண்டு பேருக்கு 300 மில்லி தண்ணீர். நன்றாகத் தளதளவென்று கொதிக்கட்டும். சீனி போடுவதானால் இப்போதே இரண்டு டீஸ்பூன் போட்டுக் கரைத்துவிடுங்கள். பிறகு தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூளைப் போட்டு, உடனே அடுப்பை அணைத்து மூடுங்கள். இரண்டு நிமிடத்தில் டஸ்ட் இறங்கிவிடும், லீஃப் என்றால் நாலு நிமிடம் வேண்டும். வடிகட்டிக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கும் விரல் தெரிய வேண்டும். கறுத்துத் தெரியாமல் போனால் தூள் கூடிவிட்டது, அல்லது நேரம் கூடிவிட்டது.

தூளைப் போட்ட பிறகு கொதிக்க விடக் கூடாது என்பது கட்டனுக்கு முக்கியம். கொதிக்கக் கொதிக்கத் துவர்ப்பு ஏறும், அதைக் குறைக்கப் பால் இல்லை.

குடித்துப் பார்த்துத் திருத்துவது இப்படி: நாக்கு வறண்டு இழுத்தால் அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். சப்பென்று இருந்தால் தூளைக் கொஞ்சம் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். கடுப்பைத் தூளால்தான் கூட்ட வேண்டும், நேரத்தால் கூட்டினால் கசப்புதான் மிஞ்சும்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் மழைக்கால மாலைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) இருந்தால் பக்கத்தில் கட்டன்தான் இருக்க வேண்டும், பால் டீ அங்கே பொருந்தாது. விடிவதற்கு முன்னால் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து ஜீப்பில் ஏறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, தோட்டத்தில் பாலுக்கு எங்கே போவது? குளிருக்கும் களைப்புக்கும் அங்கே கட்டன்தான் துணை.

இரண்டாம் படி: சுலைமானி

கட்டன் வந்துவிட்டால், மசாலாவும் எலுமிச்சையும் சேர்த்த சுலைமானி ஐந்து நிமிட வேலை. இது மலபார்ப் பக்கத்துப் பழக்கம். கோழிக்கோட்டில் பிரியாணிக்குப் பிறகு இது வராவிட்டால் சாப்பாடு முடிந்ததாகவே நினைக்க மாட்டார்கள்.

350 மில்லி தண்ணீரில் தட்டிய ஏலக்காய் இரண்டு, கிராம்பு இரண்டு, விரல் நகம் அளவு பட்டை, சீனி மூன்று டீஸ்பூன் போட்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். அப்புறம் முன்பு போலவே தூளைப் போட்டு, அணைத்து, மூடி, வடிகட்டுங்கள். கிளாஸில் ஊற்றிய பிறகுதான் எலுமிச்சை, ஒரு கிளாஸுக்கு அரை டீஸ்பூன் சாறு. விட்டவுடன் கறுஞ்சிவப்பு தெளிந்து தேன் நிறமாக மாறுவதைப் பார்ப்பீர்கள். புளிப்பு டீயின் நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் வரும் மாற்றம் இது. அடுப்பில் இருக்கும்போதே சாற்றை விட்டால் எலுமிச்சை வாசம் ஆவியோடு போய்விடும்.

ஏலக்காய் வாங்கும்போது, 8 மி.மீ. பருமன் உள்ள முதல் தரம் டீக்குத் தேவையில்லை. விருந்தினருக்குக் கொடுத்தனுப்ப அது அழகு. டீக்கு, சின்னக் காயாக இருந்தாலும் உரித்துப் பார்த்தால் விதை கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தால் போதும். விலையும் நன்றாகக் குறையும்.

மூன்றாம் படி: கடை டீ

வீடுகளில் பாலையும் தண்ணீரையும் தூளையும் சீனியையும் ஒன்றாகப் போட்டுப் பொங்க விடுவோம். அதுவும் ஒரு டீதான், குறை சொல்லவில்லை. ஆனால் கடை ருசி வேண்டும் என்றால் டிகாஷன் தனி, பால் தனி. கடையில் துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்து அதன்மேல் ஊற்றி இறக்குவார்கள். வீட்டில் துணி இல்லாமலும் அதைச் செய்யலாம்.

இரண்டு கிளாஸுக்கு 140 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலை தட்டிய இரண்டு டீஸ்பூன் டஸ்ட் போட்டு, அணைத்து மூன்று நிமிடம் மூடி வையுங்கள். இன்னொரு அடுப்பில் 110 மில்லி பால் பொங்கி வரட்டும். கிளாஸில் சீனி, அதன்மேல் சூடான பால், கடைசியில் டிகாஷன். கட்டனைவிட இங்கே தூள் இரட்டிப்பு என்பதைக் கவனியுங்கள். பாலில் இருக்கும் புரதம் டீயின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டியும் கடுப்பு நாக்கில் நிற்க வேண்டும் என்றால் டிகாஷன் திடமாக இருக்க வேண்டும்.

இனி ஆற்ற வேண்டும். இரண்டு டம்ளர் எடுத்து, முதல் நாள் ஒரு சாண் உயரம் போதும். கண் கீழே இருக்கும் டம்ளரின் மேல் இருக்கட்டும், ஊற்றுகிற டம்ளரைப் பார்க்காதீர்கள். நாலைந்து முறை மாற்றி ஊற்றினால் சீனி கரைந்து, சூடு குடிக்கிற பதத்துக்கு இறங்கி, மேலே நுரை கட்டும். கை பழகப் பழக உயரத்தைக் கூட்டுங்கள். தண்ணீரை வைத்துப் பழகிவிட்டு டீக்கு வருவது நல்லது, சூடான டீ கையில் பட்டால் கொப்பளித்துவிடும்.

மிச்ச டிகாஷனை மறுபடி சூடாக்கி அடுத்த டீக்கு ஊற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். நெஞ்சைக் கரிக்கிற டீ பெரும்பாலும் அப்படி வருவதுதான்.

இஞ்சி டீ, ஏலக்காய் டீ

இஞ்சி போட்டால் பால் திரிந்துவிடுகிறது என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். பச்சை இஞ்சியில் இருக்கும் ஒரு நொதிதான் பாலைத் திரிக்கிறது. கொதித்தால் அது செயலிழந்துவிடும். ஆகவே நசுக்கிய இஞ்சியைப் பாலில் போடாமல் தண்ணீரில் போட்டு மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, அதே தண்ணீரில் டிகாஷன் இறக்குங்கள். இரண்டு கிளாஸுக்குக் கட்டை விரல் நுனி அளவு இஞ்சி போதும்.

ஏலக்காய்க்கு இதற்கு நேர்மாறான முறை. பால் டீயில் அதைக் கடைசியில்தான் போட வேண்டும். தூளோடு சேர்த்து அணைத்த பிறகு தட்டிப் போட்டு மூடினால் வாசம் உள்ளேயே தங்கும். இஞ்சியையும் ஏலக்காயையும் ஒரே டீயில் போடுவது எனக்குப் பிடிக்காது, ஒன்று மற்றதை அமுக்கிவிடும். மசாலா டீ விரும்புகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், சரி, அவரவர் நாக்கு.

வைப்பது, கொண்டுபோவது

குமுளிக்கு வருகிறவர்கள் ஏலக்காய், மிளகு, கிராம்பு, டீத்தூள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போகிறார்கள். டீத்தூள் பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். வீட்டுக்குப் போனதும் தனியாக எடுத்து, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மசாலா அலமாரியை விட்டுத் தள்ளி வையுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது.

ஃபிளாஸ்கில் கொண்டுபோவதானால் கட்டனைக் கொண்டுபோங்கள். ஃபிளாஸ்கில் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, தூள் துளியும் இல்லாமல் வடிகட்டிய கட்டனை நிரப்புங்கள். தூள் உள்ளே கிடந்தால் வழியெல்லாம் இறங்கிக்கொண்டே இருக்கும். பால் டீ வேண்டும் என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். எலுமிச்சையைத் தனியாக எடுத்துக்கொண்டால், போகிற இடத்தில் பாதிப் பேருக்குக் கட்டன், மீதிப் பேருக்குச் சாறு பிழிந்த டீ என்று கேட்கிறபடி கொடுக்கலாம்.